பழைய டாஸ் காருக்கு எந்த உதிரிபாகம்: நான்கு வழிகளின் ஒப்பீடு

டொயோட்டா டாஸ் கார் 1996 முதல் 2006 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே உள்ள ப்ராஸ்பெக்டன் ஆலையில் தயாரானது. நான் குடியிருக்கும் மெர்பேங்கிலிருந்து அந்த ஆலை சில நிமிடப் பயணம்தான். உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எங்கள் தெருவிலும் சாட்ஸ்வொர்த்திலும் அது அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பாகம் ஒன்று போய்விட்டால், வீட்டு வாசலிலேயே வேலை செய்கிறவருக்கு நான்கு வழிகள் உள்ளன: டொயோட்டா விற்பனையகத்தில் அசல் பாகம் வாங்கலாம், வேறு நிறுவனம் தயாரித்த புதிய பாகம் வாங்கலாம், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஸ்கிராப் யார்டில் கழற்றிய பாகத்தைத் தேடலாம், அல்லது பழுதான பாகத்தையே பிரித்துச் சரிசெய்யலாம். எல்லாவற்றுக்கும் ஒரே வழியைப் பின்பற்றுகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள் என்பது என் அனுபவம். உராய்ந்து தேய்வதையும் ரப்பரால் ஆனதையும் புதிதாகவே வாங்க வேண்டும். தகடு, கண்ணாடி, வார்ப்பு இரும்பு ஆகியவற்றுக்கு ஸ்கிராப் யார்டு போதும். மின்சாரப் பாகங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டரே நல்ல சான்று. சென்ற குளிர்காலத்தில் என் காரில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு ஒலி கேட்கும், எஞ்சின் சுற்றாது. பாட்டரி நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டரையே மாற்றச் சொன்னார்கள். பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கி, அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சோலனாய்டின் மூடியில் உள்ள மூன்று திருகுகளையும் எடுத்ததும் காரணம் கண்ணில் பட்டது. பல டொயோட்டா கார்களில் உள்ள இந்த டென்சோ வகை ஸ்டார்ட்டரில், ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் ஒரு செம்பு வட்டு முன்னே பாய்ந்து இரண்டு செம்புத் துண்டுகளை இணைக்கிறது. அப்போது எழும் தீப்பொறி செம்பைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. என் காரில் ஒரு துண்டு காகிதம்போல் மெலிந்திருந்தது. வட்டின் விளிம்பிலும் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு துண்டுகளையும் வட்டையும் மாற்ற ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. செலவோ, புதிய ஸ்டார்ட்டரின் விலையில் மிகச் சிறிய பங்கு. ஸ்கிராப் யார்டு ஸ்டார்ட்டரிலும் அதே செம்பு, அதே தேய்மானம், அதுவும் எவ்வளவு என்று தெரியாமல். பாட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்ஷுக்கும் இந்த முடிவே பொருந்தும்.

பிரேக்கில் கணக்கு தலைகீழாகிறது. தேய்ந்த பாகத்தைப் பிரித்துச் சரிசெய்வதற்கோ, ஸ்கிராப் யார்டில் தேடுவதற்கோ இங்கே இடமே இல்லை. சக்கரத்தோடு சுழலும் வட்டை அழுத்தி நிறுத்தும் பேட் அசலா, வேறு நிறுவனத்தினுடையதா என்பது மட்டுமே கேள்வி. பெயர்பெற்ற நிறுவனத்தின் பேட் விலையில் குறைந்தும் தரத்தில் போதுமானதாகவும் இருப்பதால் நான் அதையே வாங்குகிறேன். நிறுவனத்தின் பெயரோ எண்ணோ அச்சிடாத வெற்று அட்டைப்பெட்டியில் வரும் பேடை எந்த விலைக்கும் வாங்குவதில்லை. ஆனால் பேடைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் பிரேக் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. டர்பனின் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில்லில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்தால், குழாயில் ஆவி நிறைந்து பெடல் தரையைத் தொடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதை, விலையுயர்ந்த பேடைவிடப் பெரிய மேம்பாடாகவே கருதுகிறேன்.

அந்த வேலைக்கு இருவர் வேண்டும். என் மைத்துனர் இருக்கையில் அமர்வார். நான் சக்கரத்தருகே ஸ்பேனருடன் படுத்திருப்பேன். “மச்சான், அழுத்திப் பிடிங்க. நான் சொல்லும் வரைக்கும் காலை எடுக்காதீங்க” என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். சக்கரத்தருகே பழைய ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிள் திறந்திருக்கும்போது கால் மேலே வந்தால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, செய்த வேலை முழுவதும் வீணாகும்.

ரேடியேட்டருக்கு ஸ்கிராப் யார்டு சூதாட்டமே. உள்ளே அடைப்பு இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியுடன் வரும் அலுமினிய ரேடியேட்டரில், பிளாஸ்டிக் வெடித்துவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடுகிறது. வேறு நிறுவனத்தின் புதிய ரேடியேட்டரே இங்கு நியாயமான தேர்வு. அதனுடன் புதிய மூடியும், தண்ணீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்த நீரும் வேண்டும். டர்பனில் வெறும் தண்ணீருடன் ஓடிப் பழகிய கார், என்3 நெடுஞ்சாலையில் ஜோஹானஸ்பர்க் ஏறும்போதுதான் தன் குறையைக் காட்டும்; அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது.

முகப்பு விளக்கைப் பொறுத்தவரை, ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும். ரிலே என்ற மின்சார சுவிட்சை வைத்துத் தடித்த கம்பி இழுத்து, பழைய ஹாலஜனுக்கே முழு மின்னழுத்தம் கொடுப்பது மேல்.

ஸ்கிராப் யார்டு உண்மையாகவே வெல்வது கதவு, பானட், கண்ணாடி, இருக்கை ஆகியவற்றில்தான். அதிலும் கடற்கரையில் ஓடிய காரின் கதவைவிட, ஜோஹானஸ்பர்க் பக்கத்து வறண்ட காற்றில் ஓடிய காரின் கதவு துரு குறைந்திருக்கும். கதவின் அடிமடிப்பை விரலால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். முழு எஞ்சின் வாங்குகிறவர் மட்டும் நிதானிக்க வேண்டும். எஞ்சின் எண் மாறினால் காவல்துறையின் சான்று பெற்று வண்டிப் பதிவையும் திருத்த வேண்டும். எனவே எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு எழுத்து மூலமான ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். ப்ராஸ்பெக்டன் ஆலையையே மூழ்கடித்த அந்த வெள்ளத்தில் இந்தப் பகுதியின் கார்கள் பலவும் நனைந்தன. ஒயரிங், ஃபியூஸ் பெட்டி, கட்டுப்பாட்டுக் கருவி எதை வாங்கினாலும், இணைப்பு முனையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பேன். பித்தளைக் கால்களில் பச்சைப் படிவோ, ஓரத்தில் மெல்லிய மண் கோடோ தெரிந்தால் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.