செக்கிங் டேபிளில் பாட்டு, கணக்கு மேசையில் பாட்டு: ஐந்து வருட அனுபவம்

அவிநாசியிலிருந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். முதல் மூன்று வருடம் செக்கிங். காலையில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓடும். பீஸை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து, பிசிறு நூலை வெட்டி அடுக்குவோம். கைக்குப் பழகிய வேலை. கரண்ட் போய்ப் பாட்டு நின்றால்தான் கால் வலிப்பதே தெரியும்.

அப்புறம் ஆபீஸுக்கு மாற்றினார்கள். சரக்கோடு அனுப்பும் சீட்டான டெலிவரி சலான் எழுத வேண்டும். பழைய பழக்கத்தில் காதில் இயர்போன். ஒருநாள் பாட்டோடு முணுமுணுத்துக்கொண்டே 3,650 பீஸை 6,350 என்று எழுதிவிட்டேன். அயர்னிங்குக்குப் போன லாட்டை எண்ணிப் பார்த்து அங்கிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் அக்கா திட்டவில்லை. “ஏங் கண்ணு, வாய் பாடிட்டு இருந்தா எண்ணிக்கை எங்க நிக்கும்?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கெல்லாம் மனசே ஆறவில்லை.

அக்கா சொன்னது சரிதான். எண்களை மனசுக்குள் சொல்லிச் சொல்லித்தானே நினைவில் நிறுத்துகிறோம். பாட்டு வரிகள் அதில் குறுக்கே வந்து விழுகின்றன. பிடித்த பாட்டென்றால் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். எழுத்துகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கச் சொன்ன ஒரு சோதனையில் பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒரே அளவுக்குத்தான் கெடுத்தன.

‘மொஸார்ட் கேட்டால் அறிவு வளரும்’ என்று மேற்கத்திய இசைமேதை மொஸார்ட்டின் இசையைப் பற்றிச் சொல்லும் பேச்சையும் தேடிப் படித்தேன். 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு அது. சோதித்தது 36 கல்லூரி மாணவர்களை; இடம், வடிவம் சார்ந்த புதிர்களில் மட்டும் முன்னேற்றம்; அதுவும் 10, 15 நிமிடத்தில் போய்விட்டது. மனசு உற்சாகமானதுதான் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கு இதுதான் உதவியது. உற்சாகம்தான் வேண்டுமென்றால், வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாமே!

இரண்டு வருடமாக அப்படித்தான். பஸ்ஸில் கடைசிப் பத்து நிமிடம் துள்ளலான பாட்டு; சீட்டில் உட்கார்ந்ததும் இயர்போன் பைக்குள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில்கூட முதல் சலான் நிதானமாக வருகிறது. பஸ் இரைச்சலுக்கு மேல் சத்தம் வைத்து ஒரு மாதம் காது இரைந்ததால், இப்போது பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. கூட்டல் சரிபார்க்கும்போது வீணைகூட வேண்டாம் எனக்கு.

சனிக்கிழமை சம்பளக் கணக்கு முடிந்ததும் கீழே செக்கிங்குக்கு இறங்கிவிடுவேன். அரை மணி நேரம் நூல் வெட்டிக்கொண்டே, வாய்விட்டுப் பாடுவேன்.