குன்னூர் வார இறுதி ஆங்கில வகுப்பு: சேரலாமா?

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். குன்னூர் ஏல மையத் தரகர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்புவதும் என் பொறுப்பு. அதற்காகவே பெட்போர்டு பக்கம் ஒரு மாடியறையில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நடத்துகிறார். கட்டணம் மாதம் 800 ரூபாய்.

இலக்கணம் எங்கும் படிக்கலாம். டீச்சர் மரபுத்தொடர்களை நடத்தும் விதத்துக்காகவே இங்கே வரலாம். 'பைட் த புல்லட்' (துப்பாக்கிக் குண்டைக் கடி) என்ற தொடருக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவைச் சிகிச்சையின்போது குண்டைக் கடித்தார்கள் என்ற கதையோடு அவர் நிறுத்தவில்லை. பிரான்சிஸ் குரோஸின் ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பில் இருப்பதையும் சொன்னார்: சவுக்கடி வாங்கும் சிப்பாய்கள் அலறக் கூடாதென்று குண்டை மென்றார்களாம். 1891இல் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் நாவல் ஒன்றில் 'பயந்ததைக் காட்டாதே' என்ற தைரியமூட்டலோடு இத்தொடர் வருகிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடும்பத்துத் தம்பி ஒருவன், அந்தக் காலத்துக் குண்டு ஈயம், பல் பதியும் என்றான். அதன்பின் அந்தத் தொடர் யாருக்கும் மறக்காது.

பிறகு பயன்பாடு. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த, தப்பிக்க முடியாத ஒன்றை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு செய்து முடிப்பதற்கே இது பொருந்தும்: சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, பழைய உலர்த்தும் இயந்திரத்தை மாற்றக் கடன் எடுப்பது. மாற்ற முடியாததை முகம் சுளிக்காமல் தாங்குவதற்கு 'கிரின் அண்ட் பேர் இட்' இருக்கிறது. தேயிலை விலை சரிந்தால் விவசாயிகள் குண்டைக் கடிக்கத்தான் வேண்டும் என்று ஒருவர் வாக்கியம் எழுதியிருந்தார். டீச்சர் அதை வாசித்துவிட்டு, "இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். விலையை நிர்ணயிக்க முடியாதவரிடம் போய்ச் சொன்னால் மனம் நோகும்" என்றார். என் அப்பா கோத்தகிரியில் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். ஆங்கிலம் கற்பிப்பவர் ஒருவர் இந்த நியாயத்தையும் சேர்த்துக் கற்பிப்பது எனக்குப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. அச்சிட்ட பாடக் குறிப்பு தருவதில்லை. வேகமாக எழுதத் தெரியாதவர்கள் திணறுகிறார்கள். அறை சிறியது. ஆறு மணிக்கு வகுப்பு முடிவதால், மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கம் பஸ் பிடிப்பவர்கள் முன்கூட்டியே கிளம்ப அனுமதி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தேடுபவர்களுக்கு இது போதாது. அலுவலகத்திலும் விடுதி வரவேற்பிலும் அன்றாடம் ஆங்கிலம் எழுதிப் பேச வேண்டியவர்கள் தயங்காமல் சேருங்கள்.