எம்.ஆர்.ஐ. எடுப்பதா, மனநல கிளினிக்கில் காட்டுவதா?

சின்ன மாமாவுக்கு நித்திரை போய், யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பது காதில் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கியதும் உப்புவெளி வீட்டில் இரண்டு கட்சி. கொழும்பில் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்பது பெரியம்மாவின் கட்சி. திருகோணமலையிலேயே மனநல கிளினிக்கில் காட்டுவோம் என்பது என்னுடையது. காட்டியதும் அங்கேதான், ஆகவே என் சாய்வு தெரிந்ததுதான்.

காசு, அலைச்சலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அரசாங்க கிளினிக் இலவசம், ஆனால் வரிசை. தனியார் ஸ்கேன் என்றால் கைக்காசும் இரவு ரயிலும்.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: ரிப்போர்ட் வந்த பிறகு வைத்தியம் மாறுமா? கட்டி, இரத்தக்கசிவு, மூளையில் நீர் தேங்கல் என்று ஏதாவது தெரிந்தால் நிச்சயம் மாறும். ஆனால் மனச்சோர்வையோ, இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் வரும் மனச்சிதைவையோ ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து உறுதிசெய்ய முடியாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடும் அறிகுறிகளையும் அவை நீடித்த காலத்தையும் வைத்தே இந்த நோய்களை வரையறுக்கிறது.

மூளையில் வித்தியாசமே இல்லை என்றில்லை. நாட்பட்ட மனச்சிதைவு உள்ளவர்களின் மூளை நீரறைகள் பெரிதாக இருப்பதை மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர் 1976இலேயே சி.ரி. ஸ்கேனில் காட்டினார்கள். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. ஆண்கள் சராசரியாக உயரம் கூட. அதற்காக ஐந்தரை அடி என்று மட்டும் கேட்டு ஆளை ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியுமா? மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று கலர் கலராகக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களும் இரத்த ஒட்சிசன் மாற்றத்திலிருந்து கணக்குப் போட்டு எடுப்பவைதான். அந்தக் கணக்கைக் கவனமாகப் போடாவிட்டால் செத்த சல்மன் மீனின் மூளையும் 'வேலை செய்யும்' என்று 2009இல் ஒரு குழு செய்தே காட்டியது!

இன்னொரு வில்லங்கம், ரிப்போர்ட் 'நோர்மல்' என்று வருவது. மனநோய் உள்ள பலருக்கு அப்படித்தான் வரும். அதைப் பார்த்து "ஒன்றுமில்லையாம், நடிக்கிறான்" என்று சொல்ல எங்கள் சொந்தத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

கிளினிக்கில் டொக்டர் கேட்டதெல்லாம் வேறு. ஒரு குரலா, பல குரலா? ஏதாவது செய்யச் சொல்லுதா? மாமியைத் தனியாகக் கூப்பிட்டும் விசாரித்தார். தைரொயிட் பார்க்க இரத்தமும் எடுத்தார்கள். மருந்து தொடங்கி அடுத்த தவணைக்குப் போனபோது, "சத்தம் எப்படி?" என்றார். "இருக்கு டொக்டர், ஆனா இப்ப தூரத்திலதான்" என்றார் மாமா. அந்தப் பதிலை வைத்துத்தான் மருந்தின் அளவைக் கூட்டினார்கள்.

எங்கள் அனுபவம் ஒருவரோடு மட்டும். வயோதிபரின் மறதியில் ஸ்கேனுக்கு வேலை கூட. வலிப்பு, தலையில் அடி, ஒரு பக்கம் பலவீனம், வழமையில்லாத தலையிடி, முதுமையில் திடீரென்று குணம் மாறுதல் என்று வந்தால் நானும் பெரியம்மா கட்சிதான். அப்போதும் எந்த ஸ்கேன் என்பதை டொக்டர் எழுதித் தரட்டும்.