எதிர்க்கடை பேரில் வந்த பில்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சில துணிக்கடைகளுக்கு பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழியில் பில்லிங் எழுதிக் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் ஸ்டாட்டிக்தான், அதாவது தனித்தனி ஆப்ஜெக்ட்டுக்கு இல்லாமல், அவற்றுக்கு அச்சான கிளாஸுக்கே சொந்தமானது. நியூ போட்டு ஆப்ஜெக்ட் உருவாக்க வேண்டாம், கிளாஸ் பெயரும் இரண்டு கோலனும் போதும். சோம்பேறிக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘இப்போதைய கடை’ என்பதையும் ஒரு ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டியில், அதாவது கிளாஸில் மதிப்பு போட்டு வைக்கும் டப்பாவில், வைத்திருந்தேன். காலியாக இருந்தால் டேட்டாபேஸிலிருந்து எடு, இருந்தால் அதையே கொடு. வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. காரணம், சாதாரண வெப் சர்வரில் ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் பிஎச்பி எல்லாவற்றையும் துடைத்துவிடும், ஸ்டாட்டிக் உட்பட.

அப்புறம் பில்லை பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் வேலையை க்யூ ஒர்க்கருக்கு, அதாவது வரிசையில் நிற்கும் வேலைகளைப் பின்னணியில் ஒவ்வொன்றாக முடிக்கும் புரோகிராமுக்கு, மாற்றினேன். இரண்டாம் நாளே போன்.

“இன்னா தம்பி, என் பில்லு தலையில எதிர்க்கடைக்காரன் பேரு வருது?”

ஜிஎஸ்டி நம்பரும் எதிர்க்கடையுடையதுதான். தண்டையார்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்து பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன், பத்தும் சரி. ஒவ்வொரு தடவையும் ஒர்க்கரை நிறுத்திப் புதிதாகக் கிளப்பிக்கொண்டிருந்தேன், அதுதான் விஷயம். நிறுத்தாமல் இரண்டு கடை பில்லை அடுத்தடுத்து விட்டதும் குட்டு வெளிப்பட்டது. ஒர்க்கர் சாகாத பிராசஸ், ஒரு வேலை முடிந்தாலும் எதையும் துடைக்காது. முதலில் வந்த கடை ப்ராப்பர்ட்டியில் உட்கார்ந்துவிட்டது, அடுத்து யார் வந்தாலும் அதே கடைதான். கடையை இப்போது ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு கடி, ‘இந்தக் கிளாஸ்’ என்று சொல்லும் செல்ஃப் என்ற சொல்லினால். விற்பனை பில், ரிட்டர்ன் பில் இரண்டுக்கும் தாய் கிளாஸ் ஒன்று. பில் நம்பருக்கு முன்னால் வரும் எழுத்து ஒரு ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டி, அதைத் தாய் கிளாஸில் செல்ஃப் போட்டு எடுத்தேன். ரிட்டர்னிலும் தாய் கிளாஸின் எழுத்தே வந்தது, ஏனென்றால் செல்ஃப் தான் எழுதப்பட்ட கிளாஸையே பிடித்துத் தொங்கும். 2009-ல் வந்த பிஎச்பி 5.3 முதல் அந்த இடத்தில் ஸ்டாட்டிக் என்று எழுதினால், எந்தக் கிளாஸ் வழியாகக் கூப்பிட்டோமோ அதைப் பார்க்கும். ஆனால் குழந்தைக் கிளாஸிலும் அந்த ப்ராப்பர்ட்டியைத் தனியாக அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஒரே டப்பாதான்.

வரிக் கணக்கு மட்டும் இன்றும் ஸ்டாட்டிக் மெத்தட், அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன். விலையும் பில் தேதியும் கொடுத்தால் சதவீதம் வரும், எதையும் நினைவில் வைக்காது. 2025 செப்டம்பர் 22-ல் ரெடிமேட் துணிக்கு 5 சதவீத வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனபோது ஒரே இடத்தில்தான் கை வைத்தேன். ஆகஸ்ட்டில் 12 சதவீதத்தில் விற்ற 1,500 ரூபாய் சட்டை அக்டோபரில் திரும்பி வந்தபோதும் பழைய சதவீதமே விழுந்தது.

போன் போட்ட அண்ணன் மட்டும் இன்னும் பில் வந்ததும் தொகையைப் பார்ப்பதில்லை, மேலே கடைப் பெயரைத்தான் பார்க்கிறார்.