மாத்திரைக்கு முன்னாடி வந்தா நாலு ஸ்டார்

மார்த்தாண்டம் மேம்பாலத்துப் பக்கம் உள்ள லேப், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க. பேர் வேண்டாம்.

தம்பிக்குச் சின்ன வயசிலேயே டைப் 1 சுகர். கடைசியில கிட்னியும் போச்சு. கிட்னியும் கணையமும் ஒரே ஆபரேஷன்ல வச்சாங்க. இன்சுலின் ஊசி நின்னாச்சு. பழைய கிட்னி ரெண்டும் உள்ளேதான் இருக்கு, புதுசு அடிவயித்துல.

புது உறுப்பை உடம்பு தள்ளாம இருக்க டாக்ரோலிமஸ்னு ஒரு மாத்திரை. ரத்தத்துல அதோட அளவு பாக்க, காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். முதல் தடவை எட்டரைக்கு வாறோம்னு சொல்லிட்டுப் பத்தரைக்கு வந்தாங்க. ஒம்பது மணி மாத்திரையை அவன் முழுங்கிட்டான். அதைக் கேக்காமலே எடுத்துட்டுப் போயிட்டாங்க. அளவு எகிறி வந்து, வீடே பயந்துபோச்சு. திரும்ப எடுத்தா சரியா இருந்துது.

இப்ப வாற அக்கா வேற ரகம். வாசல்லயே, "மக்கா, மாத்திரை போட்டியா?" பிறகுதான் ஊதா மூடி டியூப் வெளியே வரும். கணையம் எப்படி இருக்குன்னு பாக்க அமிலேஸ், லிப்பேஸ் டெஸ்டுக்கும் சேத்தே எடுப்பாங்க. முற்றத்துல பம்ப்ளிமாஸ் மரத்தைப் பாத்து, "அவனுக்குக் குடுக்காதீங்க, மருந்து அளவு ஏறும்"னாங்க. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

ஒரு ஸ்டார் அந்தப் பத்தரைக்குக் குறைச்சது.