1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி: குளிருக்கு நாலு ஸ்டார், பழசைக் கழற்றிய விதத்துக்கு பூஜ்யம்

ஏசி ஆடம்பரம் என்று சொல்பவர்கள் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் வேலூரில் எங்கள் மொட்டை மாடிக்குச் செருப்பில்லாமல் வரட்டும், அப்புறம் பேசலாம். மாடி அறையில் இருந்த, ஆர்-22 என்ற கேஸில் ஓடும் பழைய பெட்டி நன்றாகத்தான் குளிர்ந்தது. ஆனால் கரண்டைக் குடித்தது. நம் ஊர்க் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில் வேறு தினுசாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். சொல்ல வந்ததும் அதைப் பற்றி இல்லை.

முதலில் மெஷின். 26-ல் வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் கால் மணி நேரத்தில் அறை அடங்கிவிடுகிறது. சத்தம் இல்லை. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் உள்ள ஏசி எல்லாம் ஆன் பண்ணியதும் 24-ல் நிற்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது அந்த லேபிளை வழங்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. இது தெரிந்தும் 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்ளும் உறவினர்கள் எனக்கு உண்டு. லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட்டை அப்படியே நம்ப வேண்டாம். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும், வெளியே 24 முதல் 43 டிகிரிக்குள் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. வேலூரில் மார்ச்சில் போட்டால் ஜூலை வரை நிறுத்த முடியாது. ஆகவே லேபிளைவிடக் கூடத்தான் வரும். ஆனாலும் பழசோடு ஒப்பிட்டால் பில் நன்றாகவே இறங்கியிருக்கிறது.

கடையில் விற்பனைப் பையன் ஸ்டார் பற்றிச் சொன்னான், வைஃபை பற்றிச் சொன்னான், செல்போனிலிருந்து ஆன் பண்ணலாம் என்றான். "உள்ளே என்ன கேஸ்?" என்று கேட்டேன். "ஈகோ கேஸ் சார்" என்றான். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டை நானே குனிந்து படித்தேன்: ஆர்-32, பக்கத்திலேயே எத்தனை கிராம் என்றும் போட்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் தயவுசெய்து அந்தத் தகட்டைப் படியுங்கள்.

நான் வேலை பார்த்தது பால் குளிரூட்டும் நிலையத்தில். அங்கே ஓடியது அம்மோனியா. துளி கசிந்தாலும் கண் எரியும், தொண்டை அடைக்கும், ஆள் ஓடிவிடுவான். அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் அவ்வளவு மரியாதை. ஷிஃப்ட் மாறும்போது முதல் கேள்வியே "நாற்றம் ஏதும் உண்டா?" என்பதுதான். இத்தனைக்கும் அம்மோனியா வானத்தைச் சூடாக்குவதில்லை. வீட்டு ஏசி கேஸ் அப்படி இல்லை. நிறம் கிடையாது, நமக்குத் தெரிகிற மாதிரி மணமும் கிடையாது. ஆனால் ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறு வருடக் கணக்கில் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ இன்னும் மோசம், 2,000-க்கு மேல். ஆர்-32 சுமார் 675. ஆர்-290 என்று ஒன்று இருக்கிறது, அது புரோப்பேன். நம் சமையல் சிலிண்டர் கேஸின் சொந்தக்காரன், அதன் எண் ஒற்றை இலக்கம்தான். தீப்பிடிக்கும் வகை என்பதால் அளவாக, கவனமாக அடைக்க வேண்டும். அதைத்தான் வாங்க நினைத்தேன், நான் ஏறி இறங்கிய கடைகளில் ஸ்டாக் இல்லை.

இப்போது எக்ஸ்சேஞ்ச் கதைக்கு வருகிறேன். பழசைக் கழற்ற இரண்டு பையன்கள் வந்தார்கள். நான் மாடியேறுவதற்குள் ஒருவன் ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகிவிட்டான். 'புஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம்.

"தம்பி, பம்ப் டவுன் பண்ணாமல் திறக்கலாமா?"

"பழசுதானே சார், எப்படியும் காயலான் கடைக்குத்தான் போகுது."

கம்ப்ரஸர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது. லிக்விட் லைன் வால்வை ஆலன் கீ போட்டு மூடிவிட்டுச் சில நிமிடம் ஓடவிட்டால், கேஸ் கிட்டத்தட்ட முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள் வந்து அடைந்துவிடும். உடனே சக்‌ஷன் வால்வையும் மூடினால் வேலை முடிந்தது, இதுதான் பம்ப் டவுன். அப்புறம் ரெக்கவரி மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிக்கலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது, முக்கால்வாசி நிலக்கரி என்பதால். அப்படியானால் அந்த ஒரு 'புஸ்ஸ்' சுமார் 2,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். புது மெஷின் வருடத்துக்கு 500 யூனிட் மிச்சப்படுத்துகிறது என்றாலும் அந்தக் கடனை அடைக்க ஐந்து வருடம் ஓட வேண்டும். 5 ஸ்டாருக்கு நான் கூடக் கொடுத்த பணம் பில்லில் எனக்குத் திரும்பிவிடும், ஊருக்குப் பட்ட கடன் தீர ஐந்து வருடம்.

பையன்கள் மேல் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அனுப்புகிறார்கள், கையில் ரெக்கவரி மெஷின் கொடுப்பதில்லை. கடை மேனேஜரிடம் பேசினேன். "அதுக்குன்னு தனியா சார்ஜ் எதுவும் வாங்குறதில்லையே சார்" என்றார். வாங்குங்கள் ஐயா, கொடுக்கிறோம் என்றேன். சிரித்தார்.

1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு உலகமே சேர்ந்து ஓசோனைக் கெடுக்கும் கேஸ்களை ஒழிக்கக் கிளம்பியது, அது நடக்கவும் செய்தது. அதற்கு மாற்றாக வந்தவை ஓசோனைத் தொடவில்லை, சூட்டைக் கூட்டின. அவற்றையும் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் கூடித் திருத்தம் செய்தார்கள். இந்தியா 2021-ல் ஏற்றது. நமக்கான குறைப்பு 2032-ல் ஆரம்பித்து 2047-க்குள் 85 சதவீதம். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று எழுதியிருக்கிறது. மின்கழிவு விதியில் ஏசியும் உண்டு, பழசுக்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு. எல்லாம் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. என் மொட்டை மாடியில் மட்டும் ஸ்பேனர் முந்திக்கொண்டது. என்னைக் கேட்டால், கேஸைப் பிடித்த ரசீது காட்டாமல் எந்தக் கடையும் எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. அந்த ஒரு விதி போதும், மேனேஜர் சிரிக்க மாட்டார்.

புதுசை மாட்டும்போது நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேக்குவம் பம்ப் எடுத்து வரவில்லை. குழாயில் இருக்கும் காற்றை, கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுத் தள்ளிவிடலாம் என்றார்கள். முடியாது என்றேன். சாயங்காலம் பம்போடு வந்தார்கள், ஒழுங்காக முடித்தார்கள். இன்னொன்று, அவுட்டோர் யூனிட்டைப் பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்து மாட்டப் போனார்கள். அந்தச் சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு, ஒரே ஜன்னல், ஏசி கிடையாது. என் அறையின் சூடு முழுக்க அந்த ஜன்னலுக்குப் போயிருக்கும். ஸ்டாண்ட் போட்டு மொட்டை மாடியில் நிழல் பக்கமாக வைக்கச் சொன்னேன். கூடுதல் செப்புக் குழாய்க்கு மீட்டர் கணக்கில் பணம் போனது, போகட்டும்.

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்று உச்சம் தொட்டது. அந்த வருடமே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். ஏசி வேண்டாம் என்று யாரிடமும் சொல்லும் காலம் போய்விட்டது. ஆனால் வாங்குவதற்கு முன் மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள், சுண்ணாம்பாவது அடியுங்கள். நான் அதைச் செய்ததால்தான் 26 போதுமாக இருக்கிறது.

ஸ்டெபிலைசரை அவர்களிடமே வாங்கச் சொல்லி அழுத்துவார்கள், வெளியே விலை குறைவு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் நீங்களே கழுவிக்கொள்ளலாம், அதற்கென்று வருட ஒப்பந்தம் போட வேண்டாம். ஆறு மாதம் கழித்து வந்து "கேஸ் குறைஞ்சிருக்கு, டாப் அப் பண்ணணும்" என்பார்கள். கேஸ் தானாகத் தேயும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.