பேனாக்கத்தி: செக்-இன் பையில் போடுவதா, போன ஊரில் வாங்குவதா?

செப்டம்பரில் பத்து நாள் மணாலி போய்விட்டு வந்தேன். சண்டிகர் வரை விமானம், அப்புறம் பஸ். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, பயணம் என்றாலே வருகிற அதே கேள்வி வந்தது: கவுன்ட்டரில் கொடுத்துவிடும் செக்-இன் பெட்டியில் கத்தியை எடுத்துப் போவதா, வீட்டில் வைத்துவிட்டு அங்கே போய் ஒன்று வாங்கிக்கொள்வதா, இல்லை பிளேடே இல்லாத சின்னக் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவதா. மூன்றையும் ஒவ்வொரு சமயத்தில் செய்து பார்த்தாகிவிட்டது. இப்போது நான் செக்-இன் கட்சி, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

கேபினுக்குள் கத்தி கூடாது, செக்-இன்னில் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோ செக்-இன் எப்படியும் சேர்ந்தே வருகிறது. என் கத்தி விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் ஸ்பார்ட்டன் மாடல், மடக்கினால் 91 மில்லிமீட்டர், எடை சுமார் 60 கிராம். ஆக எடையும் செலவும் ஒரு பிரச்சினையே இல்லை. பையைத் திறந்து பார்த்துக் கத்தியை எடுத்துவிடுவார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு ஒரே ஒருமுறைதான் பையைத் திறக்கச் சொன்னார்கள், அதுவும் மறந்துபோய் உள்ளே போட்டிருந்த பவர் பேங்குக்காக. கத்தி அதே பையில் பக்கத்திலேயே கிடந்தது, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகும்போது கத்தி தொலைவதில்லை, திரும்பி வரும்போதுதான் தொலைகிறது. மூன்று வழிகளையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. போகும்போது நம் வீட்டில், நம் கட்டில்மேல் எல்லாவற்றையும் பரப்பி நிதானமாக அடுக்குகிறோம். திரும்பும்போது விடியற்காலையில் லாட்ஜ் அறையில், ஈரத்துணி ஒரு பக்கம், வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் ஒரு பக்கம் என்று அள்ளித் திணிக்கிறோம். பத்து நாள் பயன்படுத்திய கத்தி அந்த நேரத்தில் பெட்டியில் இருக்காது, தினமும் தோளில் மாட்டிய சின்னப் பையின் மேல் சிப்புக்குள்தான் இருக்கும். அந்தச் சின்னப் பைதான் நம்மோடு கேபினுக்குள் வருவது.

நான் முதல் கத்தியை இழந்தது அப்படித்தான். அதுவும் ஸ்பார்ட்டன், அப்பாவுடையது. அவர் ரிட்டயர் ஆனபோது ஆபீஸ் மேஜை டிராயரைக் காலி செய்து கொண்டுவந்த சாமான்களோடு வந்து என் கைக்குச் சேர்ந்தது. பல்குத்தி எப்போதோ விழுந்துபோய், சிவப்புப் பிடியில் அதன் ஓட்டை மட்டும் காலியாக இருக்கும். வடக்கே ஒரு சின்ன விமான நிலையம். டாக்ஸியில் வரும் வழியில் ஆப்பிள் நறுக்கிச் சாப்பிட்டுவிட்டுத் தோள்பைக்குள் போட்டது நினைவே இல்லை. ஸ்கேனரில் ட்ரே நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினார். வெளியே போய்ப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் இங்கேயே விட்டுவிடுங்கள் என்றார். பெட்டி எப்போதோ பெல்ட்டில் போய்விட்டது, கவுன்ட்டரும் மூடியாயிற்று, வழியனுப்ப வந்தவர் என்று கொடுத்தனுப்ப யாரும் இல்லை. பக்கத்தில் இருந்த பெட்டிக்குள் லைட்டர், கத்தரிக்கோல், ஒரு ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கிடந்தன. அதற்குள் போட்டுவிட்டு வந்தேன். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று பயணத்துக்குக் கத்தியே எடுத்துப் போகவில்லை, போன ஊரில்தான் வாங்கினேன். இந்த வழியின் நல்ல குணம், திரும்பும்போது கவலையே கிடையாது. தங்கிய வீட்டின் சமையலறையில் கொடுத்துவிட்டு வந்தால் அவர்களுக்கும் உபயோகம். ஆனால் பஜாரில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மடக்குக்கத்தி இரண்டாம் நாளே பிடிக்குள் ஆட ஆரம்பித்துவிடும். அதைவிடச் சமையலறைக் காய்கறிக் கத்தி எவ்வளவோ மேல், ஆனால் அதற்கு உறை இருக்காது, அட்டையில் சுற்றித்தான் பைக்குள் வைக்க வேண்டும். கூர் மழுங்கிய கத்தியால் நைலான் கயிற்றை அறுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கத்தி வழுக்கும், அழுத்த அழுத்த அடுத்த கைக்குத்தான் ஆபத்து. ஊரில் தீட்டிவைத்த நம் கத்தி என்றால் அதன் கூர்மை எவ்வளவு என்று கைக்குப் பழகியிருக்கும்.

மூன்றாவது, பிளேடு இல்லாத கருவி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கேபினில் கத்தி தடைபட்டதும் விக்டோரினாக்ஸின் பேனாக்கத்தி விற்பனை சுமார் 30 சதவீதம் சரிந்தது. பிளேடை விட்டுவிட்டுக் கத்தரிக்கோல், பாட்டில் ஓப்பனர் போன்றவற்றை வைத்து ஜெட்செட்டர் போன்ற மாடல்கள் பிறகு வந்தன. அமெரிக்காவில் 2013 மார்ச்சில் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சின்னக் கத்திகளைக் கேபினுக்குள் விடப்போவதாக அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் ஜூனிலேயே கைவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதியில் அந்த 6 சென்டிமீட்டர் வரம்பு இருக்கிறது, ஆனால் சென்னையில் ஏறுகிறவருக்கு அதனால் என்ன பயன்? முதல் சோதனை இங்கேதானே. பிளேடு இல்லாத கருவியைக் கேபினில் வைத்து நான் பறந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் விட்டார்கள், ஒருமுறை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு. இரண்டு முறை விட்டதை வைத்து நம்பிப் போங்கள் என்று சொல்லமாட்டேன், எங்கே போனாலும் முடிவு சோதிக்கிற அதிகாரி கையில்தான். வார இறுதிக்கு ஒரே கைப்பையோடு போகிறவருக்கும், பெட்டி போட்டாலே தனிக் கட்டணம் கேட்கிற மலிவு விமானத்தில் போகிறவருக்கும் இது சரி. மலைக்குப் போகிறவருக்குப் போதாது.

இப்போது நான் செய்வது இதுதான். பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் கத்தி, ஒரு சின்னத் தீட்டுக்கல், ஒரு துணி. பெட்டியின் வெளிப்பாக்கெட்டில் வைப்பதில்லை, நடுவில் துணிகளுக்கு இடையில். திறந்து பார்க்கிறவர் கையில் எதுவும் குத்தாது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே கத்தி கூட்டுக்குள் போய்விட வேண்டும், அதற்கப்புறம் ஆப்பிளைக் கடித்துத்தான் தின்பது. மணாலியில் கடைசி ராத்திரி கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, காலையில் பெட்டியைப் பூட்டும் முன் இன்னொரு முறையும் திறந்து பார்த்தேன்.

வெளிநாடு என்றால் விமானத்தைவிட இறங்கின பிறகுதான் கவனம் வேண்டும். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளேடைத் தகுந்த காரணமில்லாமல் வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட, லாக் ஆகாத (விரித்த பிளேடு பூட்டிக்கொண்டு நிற்காத) மடக்குக்கத்தி என்றால் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம், லாக் ஆகிற கத்தி எவ்வளவு சின்னதானாலும் தகுந்த காரணம் வேண்டும். கோடையில் லண்டனில் தங்கை வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். ஸ்பார்ட்டன் லாக் ஆகாது, அது கூட்டுக்குள் வரும். லாக் ஆகிற இன்னொரு கத்தி வைத்திருக்கிறேன், அது சென்னையிலேயே இருக்கட்டும்.